காந்தம் ஒட்டாத இடம்

பழைய கார் வாங்கப் போகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டிய முதல் கருவி ஸ்பேனர் அல்ல, காந்தம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தமே போதும். பெயின்ட்டில் கீறல் விழாதபடி அதை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி, கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, டிக்கியின் தரை என ஒவ்வோர் இடமாக ஒட்டிப் பார்க்க வேண்டும். ‘டக்’கென்று பிடித்தால் தகடு இருக்கிறது. சோம்பலாகப் பிடித்தால் தகட்டின்மேல் பட்டி கனத்துக் கிடக்கிறது. பிடிக்காமல் கையோடு வந்துவிட்டால் அங்கே இரும்பே இல்லை. இரும்பு இருந்த இடத்தில் கண்ணாடியிழையும் பட்டியும் பெயின்ட்டும் மட்டும் இருக்கின்றன.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு தோட்டத்துக் கொட்டகையிலோ வீட்டுப் பின்கட்டிலோ இப்படிச் சோதிக்கப்படும் பழைய கார் கான்டெஸாவாக இருந்தால், அதைச் சுற்றி நிற்பவர்களுக்கு வயது ஒரு தடையில்லை. அறுபது வயதுக்காரருக்கு அது அமைச்சர்களும் மில் முதலாளிகளும் வந்திறங்கிய வண்டி. இருபது வயதுக்காரருக்கு அது இந்தியாவின் ‘மசில் கார்’.

அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மசில் கார் என்ற வகைக்குத் தொடக்கமாகப் பலரும் சொல்வது 1964இன் போன்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தர உடலில் பெரிய காரின் 6.4 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்ததுதான் அதன் சூத்திரம். தொடக்க நிலை வண்டிக்கே 325 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. கான்டெஸாவின் கதை இதற்கு நேர் எதிர். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் தயாரித்த வி.எக்ஸ். வரிசைக் காரின் வடிவத்தை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் தயாரித்தது. அந்த அகன்ற உடலுக்குள் வைத்ததோ அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். யானைக்கு ஆட்டின் இதயத்தைப் பொருத்தியதுபோல வண்டி மூச்சு வாங்கியது. பிறகு ஜப்பானின் இசுசு தொழில்நுட்பத்தில் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் வண்டி நிமிர்ந்தது. 2002இல் உற்பத்தி நின்றது. நீண்ட பானட், பின்சக்கர இயக்கம், தரையோடு படிந்து நிற்கும் அகலம் ஆகியவைதான் அதற்கு மசில் கார் என்ற பெயரைத் தந்தன. உடல் தந்த பெயர்தான் அது, எஞ்சின் தந்ததல்ல. அதனால் இந்தக் காரை மீட்பவர் முதலில் மீட்க வேண்டியதும் உடலைத்தான்.

சேலத்திலிருந்து தெற்கே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்த மண்ணின் தொழில் கண்ணில் படாமல் போகாது. எஞ்சினும் சட்டமும் மட்டுமாக, கேபின்கூட இல்லாமல், முகத்தில் துணி கட்டிய ஓட்டுநர் வெயிலில் ஓட்டிவரும் சேஸிஸ்கள் நாமக்கல்லுக்குள் நுழையும். சில வாரங்களில் அவை பாடி கட்டிய லாரிகளாகவோ எரிவாயு டேங்கர்களாகவோ வெளியே போகும். திருச்செங்கோட்டில் இதே கைகள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைக் கட்டுகின்றன. சங்ககிரியில் லாரி இல்லாத தெருவைத் தேட வேண்டும். தகடு வெட்ட, வளைக்க, பற்றவைக்க, கடைசல் பிடிக்க, டயருக்கு ரப்பர் ஒட்ட இங்கே ஐந்து கிலோமீட்டருக்குள் ஆள் கிடைக்கும். பெரிய நகரங்களில் பழைய கார் மீட்பவர்கள் ஏங்குவது இந்த அண்மைக்காகத்தான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை முன்கூட்டியே புரிந்துகொள்ளாவிட்டால் அந்த அண்மையே ஆபத்தாகும். லாரிக்கு எலும்பும் சட்டையும் தனித்தனி. சுமையைத் தாங்குவது கீழே இருக்கும் இரட்டைச் சட்டம். மேலே கட்டும் பாடி வெறும் சட்டை. கான்டெஸாவுக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை, கதவுக்கடிப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்துதான் எலும்பு. முட்டைக்குப் பேர் பெற்ற நாமக்கல்லில் இதை விளக்குவது எளிது. முட்டை ஓட்டுக்குள் எலும்பு ஏதும் இல்லை, வளைந்த ஓடே சுமையைப் பகிர்ந்து தாங்குகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டியைத் தாங்குவது இந்த வளைவாலும் மூடிய பெட்டி வடிவத்தாலும்தான். அந்தப் பெட்டி உள்ளுக்குள் அரித்துவிட்டால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அது விரிசல் விட்ட முட்டை.

அரிப்பது எது? வெறும் தண்ணீரும் அல்ல, வெறும் காற்றும் அல்ல. காய்ச்சிக் காற்று நீக்கிய நீரில் போட்ட ஆணி நெடுநாள் பளபளப்பாகவே இருக்கும். ஈரமில்லாத காற்றிலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் இரும்பின்மேல் ஒரு சின்ன பேட்டரி உருவாகிறது. ஒரு நீர்த்துளியை எண்ணிப் பார்க்கலாம். துளியின் விளிம்பில் ஆக்சிஜன் தாராளம், நடுவில் பஞ்சம். நடுவிலுள்ள இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. இரண்டும் நடுவழியில் சந்திக்கும் இடத்தில் பழுப்புத் துரு படிகிறது. அதாவது துரு தெரியும் இடம் ஒன்று, இரும்பு கரையும் இடம் வேறொன்று. துருவை மட்டும் தேய்த்துவிட்டுப் பெயின்ட் அடித்தவருக்கு அடுத்த மழைக்காலத்தில் பக்கத்தில் ஓட்டை விழுவது இதனால்தான். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த மடிப்பில் அது புகுந்தால், ஆலமர வேர் சுவரைப் பிளப்பதுபோல மடிப்பையே விரித்துவிடும்.

உப்பு இருந்தால் இந்த பேட்டரிக்கு வேகம் கூடும். நீரில் மின்சாரம் கடத்தும் பொருள் அதிகமாகிறது. குளோரைடு அயனிகள் இரும்பின் மேல்தோலைத் துளைக்கின்றன. சென்னையில் கடலுக்கு அருகே வாழ்ந்த காரையும் இராசிபுரத்தில் வாழ்ந்த காரையும் ஒரே விலைக்குக் கொடுத்தால், காந்தத்தை எடுக்காமலே எதை வாங்கலாம் என்று சொல்லிவிடலாம். 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் என்ற வேதியியலாளர், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று எகிறுகிறது என்று காட்டினார். கொல்லிமலைக்கும் சேர்வராயனுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் மாசி, பங்குனிப் பகல்கள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நாட்டின் பல ஊர்களில் உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்துப் பார்த்து இந்தியாவுக்கே ஓர் அரிமான வரைபடம் உருவாக்கியது. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த வரைபடத்தின் அடிப்படைப் பாடம். நிலக்கடலை காயப்போடும் வெயில் பழைய காருக்கும் நல்லது.

சேலத்துக்காரருக்கு இங்கே இன்னொரு நெருக்கமும் உண்டு. நகரின் மேற்கே நிற்கும் கஞ்சமலையின் வயிற்றில் இருப்பது மேக்னடைட், அதாவது காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது அவர் நம்பியது சேலம் தாதுவைத்தான். அது காவிரி வழியே கடற்கரைக்குப் போனது. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் இரும்பு எங்கிருந்து வருகிறது என்பதை இந்த மலையைவிடத் தெளிவாகச் சொல்ல எதனாலும் முடியாது. ஆக்சைடாக மண்ணில் கிடந்ததைக் கரியும் நெருப்பும் செலவிட்டு இரும்பாக்குகிறோம். இரும்போ வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஆக்சைடாகத் திரும்பப் பார்க்கிறது. கதவுக்கடிப் பெட்டியிலிருந்து கரண்டியால் வாரி எடுக்கும் பழுப்புத் தூள் கஞ்சமலைக் கல்லின் உறவுக்காரன்தான்.

அந்தத் தூளை எப்படி அகற்றுவது? முதலில் வண்டியை முழுக்கப் பிரிக்க வேண்டும். இருக்கை, கண்ணாடி, வயர் கட்டு, கார்ப்பெட் எல்லாம் வெளியே. ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எழுதிய பொட்டலத்தில் போக வேண்டும்; கைப்பேசியில் படமும் வேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தொலைவில் வைப்பது முதல் நாள் வேலை. காற்றில் சுமார் 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பொறி போதும். அதனால் நிரம்பிய டேங்கைவிட காலி டேங்கே கொடியது. டேங்கர் லாரிகளைப் பற்றவைக்கும் நாமக்கல் பட்டறைக்காரர்கள் உள்ளே வாயு இல்லை என்று உறுதி செய்யாமல் டார்ச்சைக் கையில் எடுப்பதில்லை. வீட்டில் வேலை செய்பவரும் அந்த ஒழுக்கத்தை அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சிறிய பாகங்களுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே போதும். சிட்ரிக் அமிலம் துருவிலுள்ள இரும்பு அயனிகளை நண்டுக் கொடுக்குபோலக் கவ்வி நீருக்குள் இழுத்துக்கொள்கிறது. நல்ல இரும்பை அது தின்னும் வேகம் குறைவு என்றாலும், வாளியில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. பெரிய பாகங்களுக்கு மின்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் சலவை சோடா கரைத்த நீர், பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் காரின் பாகம், நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் தகடு. பாகத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். துரு தளர்ந்து உதிரும், ஒட்டியிருப்பது கறுப்பு ஆக்சைடாக மாறும். ஹைட்ரஜன் எரியக்கூடியது என்பதால் இது கொட்டகைக்குள் செய்யும் வேலை அல்ல, திறந்த களத்தில் செய்வது.

நேர்முனைக்கு எவர்சில்வர் துண்டை மாட்டும் ஆசை சேலத்தில் இயல்பாகவே வரும். உருக்காலை இருக்கும் ஊர், துண்டுகளுக்குப் பஞ்சமில்லை, அது கரையவும் தாமதமாகும். செய்யவே கூடாது. எவர்சில்வரில் உள்ள குரோமியம் அறுமதிப்பு அயனியாக நீரில் இறங்கக்கூடும். அது புற்றுநோய் தரும் நஞ்சு. இராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவு அந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது தமிழ்நாடு அறிந்ததே. ஒரு டிரம் நீரைத் தோட்டத்தில் கொட்டுகிறவர் அதையேதான் சிறிய அளவில் செய்கிறார்.

கை எட்டாத மூலைகளில் மிஞ்சும் துருவுக்குக் கடைகளில் துருமாற்றி என்ற திரவம் விற்கிறார்கள். தடவியதும் பழுப்பு கறுப்பாகும். அதன் உள்ளிருப்பு பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானின். டானின் இரும்போடு சேர்ந்து எளிதில் கரையாத கறுப்புச் சேர்மமாகிறது. இந்த வேதியியல் நம் ஊருக்குப் புதிதல்ல. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்து மை காய்ச்சியவர்கள் செய்ததும் இதேதான். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. தாளில் எழுத்தாக நின்ற அதே கறுப்பு இன்று கான்டெஸாவின் அடித்தகட்டில் கவசமாக நிற்கிறது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: துருமாற்றி மெல்லிய துருவுக்கு உரியது. செதில் செதிலாக எழுந்த துருவுக்கு மேலே அதைப் பூசுவது அழுகிய பலகைக்கு வார்னிஷ் அடிப்பது.

அரித்துப்போன தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கதவுக்கடிப் பெட்டியை வெட்டிய கணத்தில் முட்டை ஓடு திறந்துகொள்கிறது. தாங்கல் இல்லாமல் வெட்டினால் வண்டி நடுவில் சில மில்லிமீட்டர் தொய்யும். பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. அதனால் கதவு வாய்க்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளவெடுத்து எழுதிவைக்க வேண்டும். கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதுபோல இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க வேண்டும்.

லாரிப் பட்டறையின் கைப்பழக்கம் பொருந்தாத இடம் இதுதான். கனத்த தகட்டுக்குப் பழகிய ஆர்க் வெல்டிங், கார்த் தகட்டில் பொத்தலிட்டுவிடும். இதற்குச் சி.ஓ.2 வெல்டிங் வேண்டும், அதையும் ஒரே ஓட்டமாக இழுக்கக் கூடாது. சூடான இடம் விரிகிறது, சுற்றிலும் குளிர்ந்த தகடு விரிய விடுவதில்லை, ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. விளைவு அப்பளம்போல நெளிந்த கதவு. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு, கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருப்பு, பிறகு இடையில் ஒன்று. ஒரு கதவின் அடிப்பகுதிக்கு ஒரு நாள் போனால் அது வீணான நாள் அல்ல.

இரும்பு சூட்டில் காட்டும் இந்தக் குணத்தையே டிங்கர்கள் மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். அடிபட்ட தகடு சில இடங்களில் நீண்டு போயிருக்கும். தட்டினால் உள்ளே போகும், விட்டால் வெளியே துள்ளும், தகர டப்பா மூடியைப் போல. அந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு மட்டும் சிவக்கச் சுடுகிறார்கள். சிவந்த வட்டம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாததால் பக்கவாட்டில் போக வழியின்றித் தடிக்கும். உடனே ஈரத்துணி. ஆறியதும் வட்டம் முன்பிருந்ததைவிடச் சிறிதாகிச் சுற்றுப்புறத்தை இழுத்து இறுக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வறட்டி நெருப்பில் பட்டையைச் சுட்டு விரியவைத்து, மரச் சக்கரத்தில் ஏற்றி, தண்ணீர் ஊற்றியதும் அது ஆரக்கால்களை நெரித்துப் பிடிக்கும்.

சுத்தியலுக்கும் ஓர் அறிவியல் உண்டு. தகட்டின் உள்ளே இரும்பு அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அடுக்குகளில் ஆங்காங்கே வரிசை பிசகிய கோடுகள். தகடு வளைவது இந்தப் பிசகுகள் நகர்வதால்தான். தட்டத் தட்ட அவை பெருகி, ஒன்றையொன்று மறித்து, சந்தை நாள் நெரிசல்போல நகர முடியாமல் நிற்கும். அப்போது தகடு விறைக்கிறது. மேலும் தட்டினால் விரிசல் விடும். அனுபவமுள்ள டிங்கர் சத்தத்திலேயே அதைக் கேட்கிறார். பின்னால் இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடித்து முன்னால் சுத்தியலால் அவர் தட்டுவதைப் பார்த்தால் பலம் எங்கும் தெரியாது. சிறிய தட்டுகள், ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் பாதி ஏறி. பட்டி என்பது இதெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் ஒரு மில்லிமீட்டர் பள்ளத்துக்கு மட்டுமே. கிலோக் கணக்கில் பட்டி அப்பும் பட்டறைக்குக் காரைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

எஞ்சினைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது எளிய பகுதி, ஏனென்றால் அதற்கு லேத் பட்டறை இருக்கிறது. சிலிண்டர் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். இசுசு எஞ்சினின் 84 மி.மீ. துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் கொள்ளளவு 1817இலிருந்து சுமார் 1839 சி.சி. ஆகும். ரீபோர் செய்ததால் வண்டிக்கு ‘பவர் ஏறிவிட்டது’ என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்த 22 சி.சி. அல்ல, கசிந்த அழுத்தம் மறுபடி அடைபட்டதுதான். துளையின் உள்சுவரைக் கண்ணாடிபோல மெருகேற்றவும் கூடாது. மெல்லிய குறுக்குக் கோடுகள் இருந்தால்தான் அவற்றில் எண்ணெய் தங்கி ரிங்கைக் காக்கும்.

பழைய எஞ்சின் பிறந்தபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. வால்வு உட்காரும் இடத்தில் ஈயச் சேர்மங்கள் மெத்தைபோலப் படிந்து தேய்மானத்தைக் குறைத்துவந்தன. ஆரம்பக் கால கான்டெஸாவின் அம்பாசிடர் எஞ்சினைப் பிரிக்கும்போதே வால்வு இருக்கைகளுக்குக் கடினமான வளையங்களைப் பொருத்திவிடுவது நல்லது. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். மோகனூர்ப் பக்கத்துக் கரும்பு அப்படியே காருக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலவையில் மொத்தம் சுமார் 7 விழுக்காடு குறையும். அதற்கேற்பக் கார்ப்பரேட்டரின் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்க வேண்டியிருக்கும். இதைவிட முக்கியம் பழைய ரப்பர் குழாய்கள். எத்தனால் அவற்றை ஊறவைத்து மென்மையாக்கும். சூடான எஞ்சினின்மேல் பெட்ரோல் சொட்டினால் வருடக்கணக்கான உழைப்பு ஒரு நிமிடத்தில் எரிந்துபோகும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை.

ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை இந்தப் பகுதியில் அழுத்திச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். ஆயிரம் அடி ஆழத்துப் பாறை நீரில் கால்சியமும் உப்பும் மிகுதி. சூட்டில் கால்சியம் காறையாகப் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைக்கும். உப்பு நீரில் இரும்பும் அலுமினியமும் செம்பும் ஒன்றாக ஊறினால் மறுபடியும் அதே பேட்டரி. இம்முறை கரைவது அலுமினியம். சித்திரை வெயிலில் தொப்பூர் கணவாய் ஏறும்போது கொதிக்கும் பல வண்டிகளுக்கு நோய் இந்தத் தண்ணீரில் தொடங்கியிருக்கும். வாலை நீரும் கூலன்ட்டும்தான் மருந்து.

இனி அலங்காரமும் மாற்றமும். சட்டம் இதில் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எஞ்சினை மாற்றுவதென்றால் பதிவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இன்னொரு கணக்கும் உண்டு. 2021இல் வந்த மத்திய விதி, 50 ஆண்டு கடந்த, மூல உருவம் குலையாத வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ பதிவு தருகிறது. முதல் கான்டெஸாக்களுக்கு அந்த வயது 2034இல் வரும். இன்று பானட்டில் ஓட்டை போட்டு, சக்கர வளைவை அறுத்து, வேறு எஞ்சின் திணிப்பவர் அந்த வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறார்.

வேகம் வேண்டுமென்பவர்களுக்குக் கோயம்புத்தூரின் கரிவரதன் நல்ல முன்னோடி. இந்தியப் பந்தயக் கார் உலகில் ‘கரி’ என்றே அறியப்பட்ட அவர், சிறிய மாருதி எஞ்சினை வைத்தே ‘ஃபார்முலா மாருதி’ ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார்; செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எஞ்சின் சின்னது என்று அவர் முடங்கவில்லை, எடையைக் குறைத்தார். வீட்டுக் கொட்டகையில் கார் மீட்பவருக்கும் பொருந்தும் அறிவு அது. அதற்கும் முன் பிரேக். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது: மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. புதிய பிரேக் குழாய்கள், புதிய திரவம், தயாரித்த வாரமும் ஆண்டும் பார்த்து வாங்கிய டயர்கள் ஆகியவற்றுக்குப் பிறகுதான் அலாய் சக்கரமும் இரட்டைச் சைலன்சரும் பேச்சுக்கு வர வேண்டும்.

பெயின்ட் கட்டத்துக்கு இந்தச் சமவெளியின் காற்று மறுபடி உதவுகிறது. 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘டியூகோ’ என்ற விரைவில் உலரும் பூச்சின் பெயர், இன்றும் நம் பட்டறைகளில் தெளிப்புப் பெயின்ட்டுக்கே பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வகைப் பூச்சில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிரில் பனித்து, பளபளப்பு வெளுத்துச் சாம்பல் பூக்கும். ஐப்பசியில் அடித்த பெயின்ட்டும் மாசியில் அடித்த பெயின்ட்டும் ஒன்றல்ல. மாசிக்குக் குறை, காற்றோடு வரும் புழுதி. தரையில் தண்ணீர் தெளித்து, நாலு பக்கமும் பாலித்தீன் கட்டி, காற்று எழுமுன் காலையிலேயே அடித்து முடிப்பது இங்குள்ள வழக்கம்.

இப்போதைய பி.யூ. பெயின்ட் உலர்வது ஆவியாவதால் மட்டுமல்ல. கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், பெயின்ட்டில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு கைகோத்து வலையாகப் பின்னிக்கொள்கிறது. பெட்ரோல் சிந்தினாலும் அந்த வலை கரையாது. ஆனால் தெளிக்கும்போது அதே ஐசோசயனேட் நுரையீரலில் ஆஸ்துமாவைத் தூண்டும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறு வாடையே மூச்சை அடைக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தெளிக்கும் இளைஞர்களைப் பட்டறைகளில் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கைக்குட்டை புழுதியைத் தடுக்கும், மூலக்கூறைத் தடுக்காது. சரியான முகமூடியும் காற்றோட்டமும் அமைக்க இயலாத வீட்டில் இந்த ஒரு வேலையை மட்டும் வசதியுள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுவதே சரி.

பளபளக்கும் கார் கொட்டகைக்குத் திரும்பிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. கதவுக்கடிப் பெட்டிகளிலும் கதவுகளின் அடியிலும், புகுந்த நீர் வடிய உற்பத்தியாளர் சிறு துளைகள் வைத்திருப்பார். முதல்முறை கார் அரித்ததே பெரும்பாலும் இந்தத் துளைகள் மண்ணாலும் பட்டியாலும் அடைபட்டதால்தான். கம்பியால் அவற்றைக் குத்தித் திறந்து, நீண்ட மெல்லிய குழாயைப் பெட்டிக்குள் விட்டு, இளக்கிய மெழுகுக் கலவையைக் கம்ப்ரசரால் உள்ளே பீய்ச்ச வேண்டும். அது மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய், ஈரமும் ஆக்சிஜனும் தகட்டைத் தொடாதபடி தோலாக உறையும். வண்டிக்கு அடியில் பழைய நாளிதழை விரித்துவிட்டுப் படுக்கப் போகலாம். காலையில் ஒவ்வொரு துளைக்கும் நேர் கீழே தாளில் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சொட்டு விழாத துளைக்குள் மறுபடி கம்பியை விட வேண்டும்.